சூரிய மின்தகடுகள்: தூய ஆற்றலின் விலை

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறுகையில் புகையுமில்லை, சாம்பலுமில்லை. ஆயினும், அதற்கான தகடுகளை உருவாக்கும் தொழில் அத்துணைத் தூய்மையானதன்று.

குவார்ட்ஸ் கல்லையும் கரியையும் மின் உலையிலிட்டுச் சிலிக்கான் பெறப்படுகிறது. இதற்கு மிகுந்த மின்சாரம் தேவை. சிலிக்கானைத் தூய்மையாக்கும்போது சிலிக்கான் டெட்ராகுளோரைடு என்னும் திரவம் உடன்விளைகிறது. ஈரம் பட்டால் இது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். இதனை மீட்டுப் பயன்படுத்த இயலும். ஆனால் அதற்குச் செலவாகும்.

கழிவைக் காக்கும் செலவைத் தவிர்த்தால், சுமை அண்டை மக்கள் மீது விழுகிறது. 2011-இல் சீனாவின் ஹைனிங் நகரில், தகட்டு ஆலை ஒன்றின் ஃபுளோரைடு கழிவு ஆற்றில் கலந்து மீன்கள் மடிந்தன. மக்கள் கிளர்ந்தெழவே உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அரசியல் விலையும் உண்டு. பன்னாட்டு ஆற்றல் முகமையின் 2022 அறிக்கைப்படி, உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டுக்கு மேல். சிலிக்கான் உற்பத்தி மிகுந்த ஷின்ஜியாங்கில் கட்டாய உழைப்பு நிலவுவதாகக் கூறி, அமெரிக்கா 2021-இல் இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. சீனா அதனை மறுத்தது.

இந்தியா 2022 ஏப்ரலில் அயல்நாட்டுத் தகடுகளுக்கு 40 விழுக்காடு சுங்கவரி விதித்து உள்நாட்டுத் தொழிலை ஊக்குவித்தது. அவ்வாண்டு வெளியிடப்பட்ட மின்னணுக் கழிவு விதிகளிலும் சூரியத் தகடுகள் இடம்பெற்றன. ஆலைகள் இங்கு வளர்ந்தால் கழிவும் இங்கேயே சேரும். எனவே, கழிவு மீட்பைத் தொடக்கத்திலேயே உற்பத்திச் செலவில் சேர்த்துக் கணக்கிடுதல் இன்றியமையாதது.