தூங்கிக்கொண்டே பேசிய கவிஞர்

நடுவர் அவர்களே! கவிதைக்குப் பெரிதும் வேண்டியது கனவா, வாழ்க்கையா என்பது தலைப்பு. எதிரணியிலே அம்மா சொன்னாங்க, "கனவு காண்கிறவன் தூங்குமூஞ்சி, ஒன்றுக்கும் உதவமாட்டான்" என்று. நான் ஒரு தூங்குமூஞ்சியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். (சிரிப்பு)

1900-ல் பாரிஸில் பிறந்தவர் ரொபேர் தெஸ்னோஸ். 1922-ல் ஆந்த்ரே பிரெத்தோன் வீட்டிலே கவிஞர்கள் கூடுவார்கள். இருட்டிலே மேசையைச் சுற்றிக் கைகோத்து உட்காருவார்கள். தெஸ்னோஸ் அரைத் தூக்கத்துக்குப் போய்விடுவார். கேள்வி கேட்டால் பதில் வரும். பென்சிலைக் கொடுத்தால் எழுதுவார், படமும் போடுவார். தூக்கமா, நடிப்பா என்று அப்போதே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நடிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்களேன், அதற்கும் சரக்கு வேணுமே!

1924-ல் பிரெத்தோன் இதற்கெல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை எழுதினார். அதுதான் சர்ரியலிசம். பேர்தான் பெரிசு. அறிவு என்கிற வாத்தியார் பிரம்போடு வந்து உட்காருவதற்கு முன்னாடி மனசு என்ன பேசுகிறதோ, அதை அப்படியே எழுது என்பதுதான் விஷயம். அந்த அறிக்கையிலே தெஸ்னோஸுக்கு ஏகப்பட்ட புகழ்ச்சி. 1929-ல் வந்த இரண்டாவது அறிக்கையிலே அவருக்கே திட்டு! என்ன குற்றம்? பத்திரிகை வேலைக்குப் போகிறார், பழைய யாப்பிலே எழுதுகிறார். கனவு காண்கிறவன் சம்பாதிக்கக் கூடாதா ஐயா?

தெஸ்னோஸ் வானொலிக்குப் போனார். 1938-ல் நேயர்கள் கண்ட கனவுகளையே எழுதி அனுப்பச் சொல்லி நிகழ்ச்சி நடத்தினார். கவிஞர் வீட்டு மேசையிலே இருந்த கனவு ஊர்ச் சொத்தாகிவிட்டது.

1940-ல் பாரிஸ் ஜெர்மானியர் கையிலே விழுந்தது. இந்தத் தூங்குமூஞ்சி என்ன செய்தார்? ரகசிய எதிர்ப்பு இயக்கத்திலே சேர்ந்தார். பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் தகவல்களைக் கடத்தினார். 1944 பிப்ரவரி 22 அன்று, பிடிக்க வருகிறார்கள் என்று முன்கூட்டியே தகவல் வந்தும் அவர் ஓடவில்லை. ஓடினால் உடன் வாழ்ந்த யூகியைக் கொண்டுபோய்விடுவார்களே! முகாம் முகாமாக இழுத்துப்போனார்கள். விடுதலை வந்தது, ஆனால் 1945 ஜூன் 8-ல், செக் நாட்டுத் தெரெசினில், டைஃபஸ் காய்ச்சலிலே இறந்தார்.

பிறகு பத்திரிகைகளில் அவருடைய "கடைசிக் கவிதை" வந்தது. முகாமிலே எழுதியது என்று நம்பிப் படித்தவர்கள் உருகிப்போனார்கள். உண்மையிலே அது 1926-ல் எழுதிய காதல் கவிதையின் கடைசிப் பகுதி. செக் மொழிக்குப் போய், திரும்பப் பிரெஞ்சுக்கு வந்ததிலே அடையாளம் மாறிவிட்டது. அம்மா, இருபது வருஷத்துக்கு முந்தின கனவை முகாமிலே எழுதியதாகவே ஊர் நம்பியதே, அது எப்படி? இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும். நடுவர் மணியடித்துவிட்டார், வணக்கம்!