புகைக்கோட்டில் தெரியும் இணையத் திணறல்

வேகச் சோதனை 95 எம்பிபிஎஸ் என்று காட்டும். ஆனாலும் இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ அழைப்பில் பேச்சு துண்டு துண்டாக வரும். சேவை மையத்தை அழைத்தால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள். சந்தாதாரரால் மறுத்துப் பேச முடியாது. அவர் கையில் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்தை நாமே திரட்டலாம். ஒரு பழைய கணினியோ ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியோ இருந்தால் போதும். இணையத்துக்குக் காசு கொடுக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேகம் வேறு, தாமதம் வேறு. ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பது வேகம். ஒரு சிறு தரவுப் பாக்கெட் எதிர்முனைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கேபிள் கிடக்கிறது. எனவே போய் வர 30 மில்லி விநாடிக்குக் குறைந்து ஆகாது. அதற்கு மேல் ஆகிற ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் சுற்றுவழி, நெரிசல் என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

இதை அளக்கும் 'பிங்' நிரலை மைக் மூஸ் 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஒரே மாலையில் எழுதினார். இன்றும் அதுவே முதல் கருவி. ஆனால் ஒருமுறை பிங் செய்து பார்த்தால் அந்த நொடியின் நிலைமை மட்டுமே தெரியும். கோளாறு நாம் பார்க்காத நேரத்தில்தான் வருகிறது.

சுவிட்சர்லாந்துக்காரர் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய ஸ்மோக்பிங் இந்தக் குறையைத் தீர்க்கிறது. அது கட்டற்ற மென்பொருள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டிலும் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். இயல்பான அமைப்பில் அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 20 பாக்கெட்டுகளை அனுப்புகிறது. வந்த விடைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் மதிப்பைக் கோடாக வரைகிறது. மற்றவை எவ்வளவு சிதறின என்பதை அந்தக் கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறப் புகையாகப் பூசுகிறது. பாக்கெட் தொலைந்தால் கோட்டின் பச்சை நிறம் மாறிவிடும். எனக்கு இதில் பிடித்தது அந்தப் புகைதான். சராசரி 40 மில்லி விநாடி என்று மட்டும் சொன்னால், ஒரு பாக்கெட் 20-லும் அடுத்தது 200-லும் வந்த கதை மறைந்துபோகும். பேச்சைக் குலைப்பது அந்த ஏற்ற இறக்கமே.

குறைந்தது மூன்று இலக்குகள் வேண்டும்: வீட்டு ரவுட்டர், பாக்கெட் கடந்துபோகும் ரவுட்டர்களைப் பட்டியலிடும் டிரேஸ்ரூட் கட்டளையில் அதற்கு அடுத்து வரும் சேவை நிறுவனத்தின் முகவரி, வெளியுலகில் ஒரு முகவரி. முதலாவதிலேயே புகை அடர்ந்தால் வைஃபையைச் சரிசெய்ய வேண்டும். முதலாவது தெளிவாக இருந்து மற்ற இரண்டும் ஒரே நேரத்தில் கலங்கினால் வீட்டுக்கு வரும் கம்பியைச் சந்தேகிக்கலாம். இரண்டாவதில் மட்டும் இழப்பு தெரிந்தால் பதற வேண்டாம். பல ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கும்.

சில நேரம் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-ல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது தாமதம் ஒரு விநாடியைத் தாண்டுவதைக் கண்டார். கம்பியில் பழுதில்லை. மோடமும் ரவுட்டரும் பாக்கெட்டுகளைக் கைவிட மனமில்லாமல் தங்கள் நினைவகத்தில் குவித்துக்கொண்டிருந்தன. சுங்கச்சாவடியில் நூறு லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வதுபோல, பேச்சைச் சுமக்கும் சிறு பாக்கெட்டும் அந்தக் குவியலுக்குப் பின்னால் நிற்கிறது. இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார் கெட்டிஸ். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த முறை இன்று ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருளில் இயங்கும் ரவுட்டர்களில் கிடைக்கிறது. யாராவது வீடியோ ஏற்றும் நேரமும் புகை எழும் நேரமும் பொருந்தினால், அதிக வேகத் திட்டத்துக்கு மாறுவதற்கு முன் இந்த வசதியை இயக்கிப் பாருங்கள்.

இணைப்பு எத்தனை நேரம் உயிரோடு இருந்தது என்பது இன்னொரு கணக்கு. 99 சதவீதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு மூன்றரை நாளுக்கு மேல் இணைப்பு இல்லை என்று பொருள். 99.9 என்றால் சுமார் ஒன்பது மணி நேரம். ஐந்து நிமிட இடைவெளியில் அளந்தால் இரண்டு நிமிடத் துண்டிப்பு கண்ணில் படாமலே போகலாம். குறுகிய துண்டிப்புகளே தொல்லை என்றால் இடைவெளியை ஒரு நிமிடமாக்குங்கள். நிறுவிய அன்றே இதைத் தீர்மானித்துவிடுவது நல்லது. தரவுக் கோப்பு அந்த இடைவெளியை வைத்தே உருவாகிறது. பிறகு மாற்றினால் சேர்த்த வரலாற்றைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க நேரிடும். மின்சாரம் போனால் அளக்கும் கணினியும் அணைந்து வரைபடத்தில் வெற்றிடம் விழும். அதைச் சேவை நிறுவனத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. கணினிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்துவிட்டால் எது மின்வெட்டு, எது இணையவெட்டு என்பதில் குழப்பம் இருக்காது.