"அப்பாவிடம் சொல்லாதீர்கள், டாக்டர்!"

முதியவருக்குக் கடும் நோய் என்றதும், சிங்கப்பூரில் பல குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பாசம்தான் காரணம். ஆனால், உடல் தளர்வதை நோயாளி உணராமல் இருப்பாரா? வீட்டார் மௌனம் காத்தால், அவர் தனியாகப் பயப்படுகிறார்.

அதற்காக எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டாம். "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று முதலில் அவரையே கேட்கலாம். "பிள்ளைகளிடம் பேசுங்கள்" என்றால், அதுவும் அவர் முடிவே. மருத்துவராலும் நாள் குறிக்க இயலாது. மாதங்களா, வாரங்களா என்றுதான் மதிப்பிட முடியும்.

2011 முதல் இங்கு நடப்பிலுள்ள முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் இதற்குக் கைகொடுக்கிறது. கடைசி நாட்களை வீட்டில் கழிக்க விருப்பமா, சுவாசக் கருவி வேண்டுமா, தம் சார்பில் பேசுபவர் யார் என்பதை முதியவர் தெளிவாக இருக்கும்போதே பதிவு செய்யலாம். பின்னாளில் பிள்ளைகள் ஊகித்துச் சண்டையிட வேண்டியதில்லை.