சி மொழி நிரல்களில் பொய் எச்சரிக்கைகளைக் கையாளுதல்: ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சி மொழி நிரல்களை இயக்காமலேயே ஆராய்ந்து பிழைகளைச் சுட்டும் கருவிகள், சில வேளைகளில் பிழையற்ற இடங்களையும் பிழையெனச் சுட்டுகின்றன. இத்தகைய பொய் எச்சரிக்கைகள் தோன்றும் காரணத்தையும், அவற்றைக் கையாளும் முறைகளையும், அம்முறைகளின் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. எச்சரிக்கையை அடக்குவதைக் காட்டிலும், நிரலர் அறிந்த உண்மையைக் கருவிக்கும் பின்னர் வரும் வாசகருக்கும் புலப்படுமாறு நிரலிலேயே எழுதுவது தக்க நெறி என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சி மொழி, நிலைப் பகுப்பாய்வு, பொய் எச்சரிக்கை, லின்ட், டெபியன், லினக்ஸ்

முன்னுரை

கணினியில் தமிழ் எழுதுவோர் அன்றாடம் காணும் காட்சி ஒன்றுண்டு. பழந்தமிழ்ச் சொல்லையோ ஊர்ப்பெயரையோ பிழையின்றி எழுதினாலும், சொற்பிழை திருத்தி அதன்கீழ்ச் சிவப்புக் கோடிடும். எழுதுபவர் தம் சொல்லையே மாற்றலாம், திருத்தியை அணைத்துவிடலாம், அச்சொல்லை அதன் அகராதியில் சேர்க்கலாம். முதல் வழி சரியானதைக் கெடுக்கிறது. இரண்டாவது வழி உண்மைப் பிழைகளையும் மறைக்கிறது. மூன்றாவது வழி கருவிக்கு அறிவூட்டுகிறது. சி மொழியில் நிரல் எழுதுவோர் எதிர்கொள்வதும் இம்மூன்று வழிகளையே. அங்குத் தவறான தேர்வின் விலை மிகப் பெரிது.

1. பொய் எச்சரிக்கை தோன்றும் காரணம்

மூலநிரலை இயக்காமல் அதன் வரிகளைப் படித்தே பிழைகளை உய்த்துணர்வது நிலைப் பகுப்பாய்வு எனப்படும். நிரலை இயக்கி, இயங்கும்போதே கண்காணிப்பது இயங்குநிலைப் பகுப்பாய்வு ஆகும். முன்னதில் பொய் எச்சரிக்கை முற்றிலும் தவிர்க்க இயலாதது. நிரலின் நடத்தை குறித்த அற்பமல்லாத எந்தப் பண்பையும், எல்லா நிரல்களுக்கும் தவறின்றித் தீர்மானிக்கும் பொதுவழி இல்லை என்பதை ஹென்றி கோர்டன் ரைஸ் 1953இல் வெளியிட்ட தேற்றம் காட்டியது. எனவே ஒரு கருவி இல்லாத பிழையைச் சொல்லும். அல்லது இருக்கும் பிழையை விட்டுவிடும். நடைமுறைக் கருவிகள் பல இரண்டையும் ஓரளவு செய்கின்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு செயற்கூற்றில் ‘விலை’ என்னும் மாறி, ‘எண்ணிக்கை’ சுழியைவிட மிகுதியாக இருந்தால் மட்டும் மதிப்புப் பெறுகிறது எனக் கொள்வோம். சில வரிகளுக்குப் பின், அதே நிபந்தனையின்கீழ் அதன் மதிப்பு படிக்கப்படுகிறது. இடையில் ‘எண்ணிக்கை’ மாறவில்லை. ஆகவே மதிப்புப் பெறாத ‘விலை’ ஒருபோதும் படிக்கப்படாது. ஆனால் இரு நிபந்தனைகளும் ஒன்றே என்பதை உணராத கருவி, முதல் நிபந்தனை பொய்யாகி இரண்டாவது மெய்யாகும் ஒரு பாதையைக் கற்பித்துக்கொண்டு, தொடக்க மதிப்பில்லா மாறி பயன்படுத்தப்படலாம் என எச்சரிக்கும். நிரலர் அறிந்த ஓர் உண்மை கருவிக்குத் தெரியவில்லை என்பதே இங்குள்ள சிக்கலாகும்.

2. லின்ட் காட்டிய வழி

இச்சிக்கல் நிலைப் பகுப்பாய்வின் தொடக்கத்திலேயே உணரப்பட்டது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய லின்ட் என்னும் கருவி, 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்றது. ஆடையில் ஒட்டும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. தன் கணிப்பு தவறக்கூடும் என்பதை ஏற்றே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. நிரலின் ஓட்டம் ஓரிடத்தை எட்டாது என்றோ, ஓர் உள்ளீடு வேண்டுமென்றே பயன்படுத்தப்படவில்லை என்றோ அறிவிக்கும் தனிக் குறிப்புரைகளை நிரலர் எழுதலாம். லின்ட் அவற்றைப் படித்து, அவ்விடங்களில் அமைதி காக்கும்.

இக்குறிப்புரைகளின் பிற்கால வரலாறு கருதத்தக்கது. ஒரு செயற்கூறு அழைத்த இடத்திற்குத் திரும்பாது என அறிவிக்கும் வசதி, 2011ஆம் ஆண்டின் சி தரத்தில் மொழியின் உறுப்பாகவே சேர்ந்தது. பயன்படுத்தப்படாமல் இருக்கக்கூடிய பெயர், பலவழித் தேர்வில் ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்கு வேண்டுமென்றே தொடரும் ஓட்டம் ஆகியவற்றை அறிவிக்கும் முறைகள் சி23 தரத்தில் இடம்பெற்றன. கருவியை அமைதிப்படுத்த எழுதப்பட்ட துணைக்குறிப்பு, காலப்போக்கில் நிரலின் பொருளைச் சொல்லும் மொழிக்கூறாக வளர்ந்ததை இது காட்டுகிறது.

3. டெபியன் நிகழ்வு: காரணம் அறியாமல் அடக்கியதன் விளைவு

எச்சரிக்கையின் காரணத்தை முழுமையாக ஆராயாது அடக்கினால் நேரும் கேட்டிற்கு, ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தின் டெபியன் பதிப்பில் நேர்ந்தது தக்க சான்றாகும். அங்கு எச்சரித்தது வால்கிரின்ட் என்னும் இயங்குநிலைக் கருவியாயினும், அதன் படிப்பினை நிலைப் பகுப்பாய்வுக்கும் பொருந்தும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் தற்போக்கு எண்களை உருவாக்கும் பகுதியில், ஒரே வடிவிலான வரி ஈரிடங்களில் இருந்தது. ஓரிடத்தில் அவ்வரி, விடை எழுதப்படவிருக்கும் நினைவகப் பகுதியின் பழைய உள்ளடக்கத்தையும் கலவையில் சேர்த்தது. அது இன்றியமையாதது அன்று. பியூரிஃபை என்னும் கருவி குறைகூறுவதாக மூல ஆசிரியர்களே குறிப்பெழுதி, அவ்வரியை விலக்கிக்கொள்ள வழியும் அமைத்திருந்தனர். மற்றோரிடத்தில் அதே வடிவிலான வரி, வெளியிலிருந்து பெறப்படும் கணிக்கவியலாத் தரவு முழுவதையும் கலவையில் சேர்க்கும் வாயிலாக விளங்கியது. தொடக்க மதிப்பில்லா நினைவகம் பயன்படுவதாக வால்கிரின்ட் எச்சரித்தமையால், 2006இல் டெபியன் பதிப்பில் இரு வரிகளும் நீக்கப்பட்டன.

எச்சரிக்கை மறைந்தது, நிரல் முன்போலவே இயங்கியது. ஆனால் கலவையில் எஞ்சிய வேறுபாடு, இயங்குதளம் ஒவ்வொரு நிகழ்முறைக்கும் வழங்கும் அடையாள எண் மட்டுமே. அதன் இயல்பான உச்ச எல்லை 32,768. எனவே ஒரே வகைக் கணினியில், ஒரே வகையும் நீளமும் கொண்ட சாவிகள் ஏறத்தாழ அத்தனையே உருவாக இயலும். அவை அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கிப் பட்டியலிடுவது எவர்க்கும் எளிது. இக்குறை 2008 மே மாதத்தில் அறிவிக்கப்படும்வரை, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு போன்றவற்றிலும் உருவான சாவிகள் காப்பற்றவையாக இருந்தன. அவற்றையெல்லாம் கைவிட்டுப் புதியன உருவாக்க நேர்ந்தது.

இங்குக் கருவி கூறியது பொய்யன்று; அந்நினைவகம் தொடக்க மதிப்பற்றதே. அது பிழையா, கருதிச் செய்யப்பட்டதா என்பதைக் கருவி அறியாது. எச்சரிக்கை சுட்டிய வரியும் எச்சரிக்கைக்குக் காரணமான இடமும் வேறுவேறு என்பது மற்றொரு செய்தி. வாயிலுக்குள் வந்த தரவுகளுள் ஒன்றைப் பற்றியதே ஐயம். அடைக்கப்பட்டதோ வாயில் முழுவதும்.

4. லினக்ஸ் பட்டறிவு: நிலையான மௌனத்தின் கேடு

டெபியன் நிகழ்வில் தேவையான வரி நீக்கப்பட்டது. லினக்ஸ் கெர்னலிலோ நிரலின் செயல் மாறாமல் எச்சரிக்கை மட்டும் அடக்கப்பட்டது. தொடக்க மதிப்பில்லை என்னும் எச்சரிக்கையை நிறுத்த, மாறிக்குத் தன்னையே தொடக்க மதிப்பாகத் தரும் குறுநிரல் ஒன்று அங்குப் பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. எழுதப்பட்ட நாளில் அம்மௌனம் சரியாக இருந்திருக்கலாம். பின்னர் ஒருவர் நிரலில் புதிய கிளையைச் சேர்த்து மதிப்பளிக்க மறந்தால், பொய்யாக இருந்த எச்சரிக்கை மெய்யாகும்; ஆயினும் கருவி பேசாது. உண்மைப் பிழைகளை மறைக்கிறது என்னும் காரணத்தால் 2020இல் அக்குறுநிரல் கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

மாறிக்குச் சுழியைத் தொடக்க மதிப்பாகத் தருவதும் முற்றிலும் குற்றமற்றதன்று. மேற்காட்டிய ‘விலை’ சுழியாகத் தொடங்கினால், விடுபட்ட கிளையில் சுழி விலையுடன் கணக்கு முடியும். சுழி பொருளுள்ள விடையாக இருக்கும் இடத்தில் மட்டுமே அது தகும்.

5. கையாளும் நெறிகள்

இவற்றிலிருந்து சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவதாக, எச்சரிக்கை பொய் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நிரலருடையது. கருவி காட்டும் பாதையைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்து, அப்பாதை எந்த இடத்தில் இயலாததாகிறது எனக் காணவேண்டும்.

இரண்டாவதாக, இயலுமாயின் நிரலின் அமைப்பைத் தெளிவாக்கலாம். ‘விலை’ மதிப்புப் பெறுவதையும் படிக்கப்படுவதையும் ஒரே நிபந்தனைத் தொகுதிக்குள் கொண்டுவந்தால் எச்சரிக்கைக்கே இடமில்லை; வாசகரும் இரு நிபந்தனைகளை ஒப்பிட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, அமைப்பை மாற்ற இயலாதபோது, அறிந்த உண்மையை உறுதிக்கூற்றாக எழுதலாம். சோதனைப் பதிப்பில் அது பொய்த்தால் நிரல் உடனே நின்றுவிடும். வெளியீட்டுப் பதிப்பில் உறுதிக்கூற்றுகள் நீக்கப்படும் வழக்கமுண்டு. ஆகவே வெளியிலிருந்து வரும் தரவைச் சரிபார்க்க இது மாற்றாகாது.

நான்காவதாக, அடக்கியே தீரவேண்டுமெனில், ஒரு வரிக்கும் ஒரு வகை எச்சரிக்கைக்கும் மட்டும் அடக்கி, காரணத்தை அருகிலேயே எழுதவேண்டும். வாகன மென்பொருளுக்கெனப் பிரித்தானியாவில் தோன்றி, 1998இல் முதன்முதல் வெளியான மிஸ்ரா சி நெறிமுறைகளின் மரபு, விதிவிலக்குகளைக் காரணத்துடன் ஆவணப்படுத்தக் கோருவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

பொய் எச்சரிக்கை, நிரலர் அறிந்ததற்கும் நிரலில் எழுதப்பட்டதற்கும் உள்ள இடைவெளியைக் காட்டுகிறது. வரியை நீக்குவதும் கருவியின் வாயை அடைப்பதும் அவ்விடைவெளியை அப்படியே விட்டுவிடுகின்றன. அமைப்பாலும், உறுதிக்கூற்றாலும், மொழியின் அறிவிப்புகளாலும் அதை நிரப்பினால் எச்சரிக்கை தானே அடங்கும். நாளை நிரல் மாறி அவ்வுண்மை பொய்த்தால், கருவி மீண்டும் பேசும் வாய்ப்பும் எஞ்சியிருக்கும். டெபியன் நிகழ்வில் நீக்கப்பட்டவை இரண்டே வரிகள். அவற்றுள் ஒன்று நீங்கியதால் கேடில்லை. மற்றொன்று நீங்கியதால் எண்ணற்ற சாவிகள் பயனற்றுப்போயின. வடிவில் ஒன்றான அவ்விரு வரிகளைப் பொருளால் வேறுபடுத்தும் பணியைக் கருவி செய்யாது. அது படிப்பவரின் கடமையாகவே உள்ளது.