எல்லாம் குளவியல்ல

தேயிலை மலையில் கொழுந்து பறித்தவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. மலையகச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் பழகிப்போன செய்தி இது. உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. ஆனால் இச்செய்திகளில் குளவி எனப்படுவது பல வேளைகளில் குளவியே அல்ல, பெரிய மலைத்தேனீ. சிங்களத்தில் மலைத்தேனீயை 'பம்பர' என்றும் குளவியை 'தெபர' என்றும் பிரித்துச் சொல்வார்கள். தமிழில் நாம் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டோம்.

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். மலைத்தேனீ உயரமான மரக்கிளையிலோ பாறையின் அடியிலோ ஒரே ஒரு பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். கல்லெறிந்தாலும், புகை பட்டாலும், பருந்து வந்து அடையைக் கிழித்தாலும் கூட்டமாக இறங்கும். அதன் கொடுக்கு நமது தோலிலேயே தங்கிவிடும். கொட்டும்போது வெளிவரும் வாசனை மற்றத் தேனீக்களையும் அதே இடத்துக்கு அழைக்கும். ஆகவே கையை வீசி அடிக்கக்கூடாது. முகத்தை மூடிக்கொண்டு, கதவடைக்கக்கூடிய இடத்துக்குள் ஓடவேண்டும். கொடுக்கைத் தாமதிக்காமல் சுரண்டி எடுக்கவேண்டும். குளவியின் கொடுக்கு அப்படித் தங்காது; ஒரே குளவி பல தடவை கொட்டும். எது கொட்டினாலும், மூச்சுத் திணறினால், உடம்பெல்லாம் தடித்தால், பல இடங்களில் கொட்டுப்பட்டிருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இதைப் படம் வரைந்து விளங்கப்படுத்தலாம்.

ஆரம்பப் பிரிவில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்றொரு பாடம் உண்டு. நான் பார்த்த வகுப்புகள் சிலவற்றில், வண்ணத்துப்பூச்சிப் படத்துக்கு நிறந்தீட்டுவதோடு பூச்சி முடிந்துவிட்டது. தலதா மாளிகைக்குப் பின்னால் 100 ஹெக்டேயருக்கும் அதிகமான உடவத்தக்கலைக் காட்டையும், சற்றுத் தள்ளிப் பேராதனைப் பூங்காவையும் வைத்திருக்கும் ஊரில் இது அநியாயம். பிள்ளைகளை பஸ் பிடித்து அங்கே கூட்டிப்போக எல்லாப் பாடசாலைகளாலும் முடியாதுதான். தேவையும் இல்லை. லயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலை மரமே போதும். அதன் இலையில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். எச்சம் நகர்ந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர வளரப் பச்சையாகும். ஈர்க்கினால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் வீசும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் புழுவை அதன்பிறகு மறக்கமாட்டார்கள்.

குளவியிலும் பயப்படத் தேவையில்லாதவை உண்டு. கதவு நிலையில் மண்கூடு கட்டுவது அப்படியொன்று. அது புழுவைக் கொட்டிக் கொட்டியே தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். நடப்பது வேறு. புழுவையோ சிலந்தியையோ கொட்டி, சாகாமல் மரக்கச் செய்து, கூட்டுக்குள் வைத்து, அதனோடு ஒரு முட்டையும் இட்டு மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அது சாப்பாடு. வெறுங்கூடு ஒன்றைப் பிள்ளையின் கண்முன்னே உடைத்துக் காட்டுங்கள். தேயிலையைக் காப்பாற்றியதும் ஒரு சின்னக் குளவிதான். இலைகளைச் சுருட்டித் தின்ற புழுவைக் கட்டுப்படுத்த 1935-36இல் ஜாவாவிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள். புழுவுக்குள்ளேயே முட்டையிடும் அது மனிதரைச் சீண்டாது.

நான் வன்னியில் படித்தவள். நிலத்தில் கிடக்கும் எதையும் தொடாதே, பார்த்தால் பெரியவர்களிடம் சொல் என்பது எங்களுக்கு மிதிவெடிப் பாடம். அது உயிர் காத்த பாடம். வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் இன்றைக்கும் அதுவே சட்டம். ஆனால் தொழில் நிமித்தம் கண்டியில் குடியிருக்கும் எங்களூர் நண்பர்களின் வீடுகளிலும், பிள்ளை புல்லுக்குள் குனிந்தாலே தாய் பதறிக் கூப்பிடுவதைப் பார்க்கிறேன். அந்தப் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தொடாதே என்பது மட்டும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பார்த்ததைச் சொல் என்ற மறுபாதி போய்ச் சேரவில்லை.

அந்த மறுபாதியைப் பழக்க நுளம்பு நல்லது. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாட்கள் போதும். பூச்சாடித் தட்டிலோ, எறிந்த யோகட் கோப்பையிலோ தேங்கிய தண்ணீரைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். கையின் நிழல் பட்டதும் துடித்துக் கீழே இறங்கும். இரண்டு நிமிடம் பார்க்கவிட்டு, தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு வளவில் எந்தச் சிரட்டையில் தண்ணீர் நிற்கிறதென்று அந்தப் பிள்ளையே வந்து சொல்லும்.