ஒன்றரை ஷிப்டும் தாய்ப்பாலும்

திருப்பூரில் காலை எட்டரைக்குத் தையல் மிஷின் ஓடும் பவர் டேபிளில் உட்காரும் பெண், ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து எழும்போது இரவு எட்டரை ஆகிவிடும். வீட்டில் நாலு மாதக் குழந்தை இருந்தால், புட்டிப்பாலுக்குப் பழக்கிவிட்டுத்தான் வர முடியும். பீஸ் ரேட்டில் தைப்பவர் நடுவே எழுந்து போனால் அன்றைய கூலியும் குறையும். தாய்ப்பால் இப்படித் தடைபடுவதைக் குழந்தையின் இழப்பாக மட்டுமே பேசுகிறோம். தாயின் இழப்பும் சிறியதல்ல.

பாலூட்டுவதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி, 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. மார்பகப் புற்றுநோய் வந்த 50,302 பெண்களையும் வராத 96,973 பெண்களையும் ஒப்பிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலூட்டிய காலத்தைக் கூட்டினால், ஒவ்வொரு 12 மாதத்துக்கும் நோய் வரும் ஆபத்து 4.3 சதவீதம் குறைந்திருந்தது. பிரசவத்தால் குறைவது தனி. அது ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம். நம் பக்கத்திலும் 2002 முதல் 2005 வரை சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நோயுற்ற 1,866 பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். மாதவிடாய் நிற்காத வயதினரில், நெடுநாள் பாலூட்டியவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

காரணங்கள் பல. பாலூட்டும்போது மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டலும் குறைகிறது. மார்பகச் செல்கள் பால் சுரக்கும் வேலைக்கு முழுதாக முதிர்கின்றன. முதிர்ந்த செல் எளிதில் தடம் புரளாது. பிள்ளை பெற்றுப் பாலூட்டியவர்களின் மார்பில் 'டி செல்' எனும் காவல் அணுக்கள் பல பத்தாண்டுகள் தங்கியிருப்பதை மெல்போர்னில் ஷெரீன் லோய் குழுவினர் கண்டு, 2025-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

ஆக, மாதக் கணக்குதான் முக்கியம். அந்த மாதங்கள்தான் மிஷின் முன்னால் வெட்டுப்படுகின்றன. மார்பில் தேங்கிய பால் வெளியேறாவிட்டால் சுரப்பு நாளுக்கு நாள் குறைந்து நின்றுவிடும். மார்பு கனத்து, ஜாக்கெட் நனைந்தும் தைத்துக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு இதுதான் நடக்கிறது. "அவளுக்குப் பால் வத்திப்போச்சு" என்று ஊர் அவள் உடம்பைக் குறை சொல்கிறது. வற்ற வைத்தது வேலை நேரம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பாலூட்டியவர்களுக்கும் புற்றுநோய் வரும். கட்டி தென்பட்டால் "பால் கட்டியிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்மாருக்காக 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை அங்கே போய் வரலாம் என்றும் சொன்னது. ஆடை வாங்கும் பையரின் ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் அறையாக அது இருந்தால் பயனில்லை. முதலாளிகளே, அந்தக் கதவைத் தினமும் திறந்து வையுங்கள். பால் கொடுக்கப் போகும் நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.