கூட்டு நிதியைக் காப்பது நம் கடமை

1950ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தலைமுறையாகப் பால்மரம் வெட்டி வாழ்ந்தோர் வேலையோடு குடியிருந்த வீட்டையும் இழந்தனர். இத்துயருக்கு மாற்றாக 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி, 100 வெள்ளிப் பங்கினைப் பெற்றனர். அவ்வாறு சேர்ந்த நிதியைக் கொண்டு முதலில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

பணம் செலுத்துவதோடு உறுப்பினரின் கடமை முடிந்துவிடுவதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எத்தனை இருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு. 1993ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி, பொதுக்கூட்டமே சங்கத்தின் உயர்ந்த அதிகாரம் உடையது. நிர்வாக வாரியத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதுவே. பெரிய சங்கங்களில் வட்டாரந்தோறும் தேர்ந்தெடுக்கப்படும் பேராளர்கள் உறுப்பினரின் குரலைப் பொதுக்கூட்டத்திற்குக் கொண்டு செல்கின்றனர். உட்கணக்காய்வுக் குழுவினர் வரவு செலவுகளை ஆராய்கின்றனர்.

வெளியே தெரியாத தொண்டும் உண்டு. தோட்டத்தை விட்டு இடம்பெயர்ந்தோரின் புதிய முகவரியைச் சங்கத்திற்குத் தெரிவித்தல், முதியோர் தம் பங்கிற்கு வாரிசின் பெயரைப் பதிவு செய்ய உதவுதல், கணக்கறிக்கையைப் படிக்க இயலாதோர்க்கு எடுத்துரைத்தல் ஆகியன அவற்றுட் சில. இப்பணிகளைச் செய்வார் இல்லையெனில், பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த பங்கு பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும்.

ஆதலால், பொதுக்கூட்ட அறிவிப்பு வந்ததும் கணக்கறிக்கையைப் படிப்போம். ஐயம் இருப்பின் தயங்காது வினவுவோம். நம்மில் இயன்றவர் ஒரு பொறுப்பையேனும் மனமுவந்து ஏற்போமாக.